சேட்டு, கூர்க்கா, நாயர், அப்புறம் பீகார் பையன்

விடுமுறை நாளைக் குறிவைத்து ஒரு குடும்பப் படம் வரும். போஸ்டரில் பாட்டி, தாத்தா, மாமன், மச்சான், பேரன் பேத்திகள் எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில், அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் தொப்பி போட்ட கூர்க்காவாக இருக்கலாம், வாய் நிறையப் பான் குதப்பும் வடக்கத்திப் பையனாக இருக்கலாம், இப்போதெல்லாம் சுருட்டை முடி ஆப்பிரிக்கராகவும் இருக்கலாம். படத்தின் சிரிப்பில் பாதி அவர் தலையில்தான் கட்டப்பட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

திருப்பூரிலோ ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ இந்த மாதிரிப் படத்துக்குப் போய்விட்டு வருபவர்களிடம் "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "அட, என்னமோ போங்க" என்பார்கள். இன இழிவு என்றோ வெறுப்பு என்றோ பெரிய சொற்கள் எதுவும் வராது. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான் புகார். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். ஒருவர் படம் மொக்கை என்கிறார், இன்னொருவர் படம் தப்பு என்கிறார். எனக்கு இரண்டும் ஒரே கோளாறாகத்தான் தெரிகிறது. கொங்கு நாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. காரணம், திரையில் கேலிக்கு நிறுத்தப்படும் ஆட்களை இந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், அவர்களோடு கணக்கு வழக்கு வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தவருக்குத் தெரிந்ததைவிடப் பார்ப்பவருக்கு அதிகம் தெரியும். அப்புறம் எங்கே சிரிப்பது?

முதலில் இந்த வகைப் படம் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கலாம். தமிழில் கதை ஒரு பக்கமும் நகைச்சுவை இன்னொரு பக்கமுமாகப் படம் எடுப்பது நெடுங்காலப் பழக்கம். கதையைத் தொடாமல் தனியே ஓடும் காமெடி டிராக்கை வேறொருவர் எழுதுவார், சில நாள் கால்ஷீட்டில் எடுத்து முடிப்பார்கள், எடிட்டிங்கில் இடையிடையே சொருகுவார்கள். இரண்டரை நிமிடக் காட்சிக்குள் ஓர் ஆள் வர வேண்டும், யாரென்று புரிய வேண்டும், சிரிக்க வைத்துவிட்டுப் போக வேண்டும். புதிதாக ஒரு மனிதரை எழுத அங்கே நேரம் கிடையாது. அதனால் முன்பே தயாராக இருக்கும் ஆளைக் கூப்பிடுகிறார்கள். வட்டிக்கடைச் சேட்டு என்றால் "நம்பள், நிம்பள்". கூர்க்கா என்றால் விசில், தடி, "ஷாப்". டீக்கடை என்றால் நாயர். மந்திரவாதி என்றால் அவரும் மலையாளி. ஆப்பிரிக்கர் வந்தால் பின்னணியில் மேளம், இடுப்பில் இலை. பார்ப்பவருக்கு எதையும் விளக்க வேண்டாம், எழுதுபவருக்கும் எதையும் யோசிக்க வேண்டாம்.

இதில் பணக் கணக்கும் உண்டு. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-ல் தமிழக அரசு அறிவித்தது. 2011-ல் அந்த விலக்குக்கு, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று தணிக்கையில் தரும் 'யு' சான்றிதழும் வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. 2017-ல் ஜிஎஸ்டி வந்து கணக்கு மாறும் வரை 'யு' என்ற ஓர் எழுத்துக்குத் தயாரிப்பாளர் படாத பாடு பட்டார். தொலைக்காட்சி உரிமை விற்பதற்கும் 'யு' இருந்தால் வசதி. ஆக, முத்தம் வேண்டாம், ரத்தம் வேண்டாம், கெட்ட வார்த்தை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வெட்டியெறிந்த பிறகு சிரிக்க வைக்க மிஞ்சுவது என்ன? குண்டாக இருப்பவர், கறுப்பாக இருப்பவர், தமிழ் சரியாகப் பேச வராதவர். இவர்களைக் கிண்டல் செய்தால் 'யு' போகாது. குழந்தைகளோடு பார்க்கத் தகுந்தது என்ற முத்திரை இப்படித்தான் இந்தக் கேலிக்குக் கிடைத்தது.

சான்றிதழ் விதிகள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன என்றும் சொல்ல முடியாது. 1991-ல் வெளியான தணிக்கை வழிகாட்டுதல்களிலேயே, இனம், மதம் முதலான பிரிவினரை இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இருக்கக் கூடாது என்று எழுதித்தான் இருக்கிறது. எழுதியிருப்பதற்கும் கத்தரி போகும் இடத்துக்கும் பெரிய தொடர்பில்லை. 2024-ல் பாஸ்கர் சக்தி இயக்கத்தில் வந்த 'ரயில்' படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'வடக்கன்'. வட மாநிலத் தொழிலாளி ஒருவரை மனிதராகப் பார்த்த படம் அது. தணிக்கையில் தலைப்புக்கு எதிர்ப்பு வந்து பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அதே காலத்தில் வடக்கத்திப் பையனைச் சும்மா தலையில் தட்டிச் சிரிக்கும் படங்கள் ஒரு சிக்கலும் இல்லாமல் குடும்பப் படமாக ஓடின. தணிக்கையை நம்பி இந்த விஷயத்தில் ஒன்றும் ஆகாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

இந்த வேடங்களின் பூர்வீகம் சினிமாவைவிடப் பழையது. அமெரிக்காவில் 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, ஜிம் குரோ என்ற கறுப்பின அடிமையாக ஆடிப் பாடினார். பிய்ந்து தொங்கும் துணி, தடுமாறும் கால், உடைந்த ஆங்கிலம். கூட்டம் அலைமோதியது. அதைப் பார்த்து ஊருக்கு ஊர் கரிப்பூச்சுக் குழுக்கள் முளைத்தன. பிற்பாடு கறுப்பின மக்களை ரயிலிலும் பள்ளியிலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு ஜிம் குரோ சட்டங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. மேடையில் சிரித்த பெயர் சட்டத்தில் போய் உட்கார்ந்தது. 1927-ல் வந்து உலகத்தையே பேசும் படத்தின் பக்கம் திருப்பிய 'தி ஜாஸ் சிங்கர்' படத்திலும் கதாநாயகன் அல் ஜால்சன் கரி பூசிக்கொண்டுதான் பாடுகிறார்.

அந்தக் கரி நம் பக்கமும் வந்தது. டேவ் கார்சன் என்ற கலைஞர் 1860-களில் பம்பாயில் இந்த ஆட்டத்தை ஆடினார். ஆனால் ஆள் கெட்டிக்காரர், இந்திய ஊர்களுக்குத் தகுந்த மாதிரி சரக்கை மாற்றிக்கொண்டார். ஆங்கிலம் பேச முயலும் வங்காளப் பாபுவைக் கேலி செய்யும் பாட்டு அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதாவது, அமெரிக்கக் கறுப்பருக்குத் தைத்த சட்டையைப் பிரித்து வங்காளிக்குத் தைத்துவிட்டார். கார்சனிடமிருந்து நேராக நம் சேட்டு காமெடிக்கு ஒரு கோடு இழுக்க நான் வரவில்லை. ஆனால் முறை ஒன்றுதான்: வேறு ஊர்க்காரனின் பேச்சை உடை, நடையைக் கோணலாக்கு, அவன் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்காதே.

நம் சொந்த மரபில் கேலி இல்லையா என்று கேட்டால், தாராளமாக இருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரனின் வேலையே அதுதான். ராஜாவை அறிமுகப்படுத்தும்போதே ராஜாவின் காலை வாரிவிடுவான். ஸ்பெஷல் நாடகத்துப் பபூன் ஊர்ப் பெரியவர், போலீஸ், கடவுள் என்று யாரையும் விடமாட்டார். அந்தக் கேலி பெரும்பாலும் மேலே இருப்பவரை நோக்கிப் போனது. சினிமாவுக்கு வந்ததும் கட்டியங்காரன் கதாநாயகனின் நண்பனானான். கதாநாயகனைக் கிண்டல் செய்ய அவனுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். மீதிக் கேலிக்கு, சங்கம் வைத்துக் கேட்க ஆளில்லாத வாட்ச்மேனும் சமையற்காரரும் வேலைக்கார அம்மாவும் வசதியாகக் கையில் கிடைத்தார்கள்.

நாமே கேலிப் பொருளாக நின்றபோது மட்டும் இதெல்லாம் நமக்கு உடனே புரிந்தது. 1968-ல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் குடுமி வைத்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வந்தார். வடக்கே அது ஒரு சாதனைக் காமெடி. நம் ஆட்களுக்கு மதராசி என்று அழைக்கப்படும் போதெல்லாம் உறுத்தும் ஒரு முள். 2013-ல் ரோஹித் ஷெட்டி இயக்கிய 'சென்னை எக்ஸ்பிரஸ்' வந்தது. பம்பாயில் ரயிலேறும் கதாநாயகன் ஷாருக் கான், தமிழ்நாட்டுக் கிராமத்துத் தாதா ஒருவரின் மகளிடம் சிக்கிக்கொள்வதுதான் கதை. அந்தப் படத்தில் தமிழர் என்றால் கறுத்த, தடித்த, அரிவாள் தூக்கும் உறவுக்கூட்டம். ரயில் போகும் வழியில் தூத்சாகர் அருவி வருகிறது. அது கோவா எல்லையில், பம்பாய் – சென்னை ரயில் எட்டிக்கூடப் பார்க்காத தடத்தில் இருக்கிறது. தெற்கே எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பில் எடுத்த படத்துக்கு ரயில் எந்தப் பக்கம் போனால் என்ன?

அந்தத் தாதா அப்பாவாக நடித்தவர் நம் கோயமுத்தூர் சத்யராஜ். கோவைக் குசும்பை வில்லன் வேடத்துக்குள்ளேயே புகுத்தி, தமிழ் சினிமாவில் வில்லத்தனத்தையே ரசிக்க வைத்த மனிதர். அவரை அங்கே கூட்டிப்போய் மீசையும் வேட்டியும் கொடுத்து முறைக்க வைத்தார்கள். அவருக்குள் இருக்கும் நக்கலை அந்தப் படம் எங்குமே தேடவில்லை. கையில் இருந்த நல்ல சரக்கையே பயன்படுத்தத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அந்தப் படத்தின் மேல் உள்ள முதல் வருத்தம். அரிவாளெல்லாம் அப்புறம். படம் என்னவோ நன்றாக ஓடியது, கடைசியில் ரஜினிக்குக் காணிக்கையாக லுங்கி டான்ஸ் வேறு. நம்மவர்கள் ஒரு பக்கம் கோபப்பட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் கல்யாண வீட்டில் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள், அது தனிக் கதை.

சரி, அந்தக் கோபம் நியாயமானதுதான். அதே அளவுகோலை நம் குடும்பப் படங்கள் மேல் வைத்தால் என்ன ஆகிறது?

சேட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். கோவையில் சுக்கிரவார்ப்பேட்டை, ஆர்.எஸ்.புரம் பக்கம் போனால் ராஜஸ்தான், குஜராத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே வந்து குடியேறியவர்களைப் பார்க்கலாம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்கள். கடையில் ஏறினால் "வாங்க, உக்காருங்க, என்ன பாக்கறீங்க" என்று நம்மைவிட மரியாதையாகப் பேசுவார்கள். திரையில் சேட்டு இன்னும் "நம்பள் பைசா" என்கிறார். சேட்டு மாறி மூன்று தலைமுறை ஆயிற்று, வசனம் மாறவில்லை. இத்தனைக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் பல மொழிக்காரர்களை வைத்துப் படம் எடுத்த ஊர். புலியகுளம் பக்கம் இருந்த பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு, 1954-ல் தமிழில் எடுத்த 'மலைக்கள்ளன்' கதையைத் தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என மொத்தம் ஆறு மொழிகளில் எடுத்தார். இந்தியில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். ஒரே கதையை ஆறு மொழிக்காரர்களுக்கும் தங்கள் கதையாகத் தோன்றச் செய்யும் கைப்பழக்கம் இங்கே இருந்திருக்கிறது.

இப்போது திருப்பூருக்கு வருவோம். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் இல்லாவிட்டால் பாதி கம்பெனிகளில் மெஷின் ஓடாது என்பது முதலாளிகளே ஒப்புக்கொள்ளும் விஷயம். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் ஈரோட்டிலும் திருப்பூரிலும் நிற்கும்போது இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் நடந்தால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். மொபைல் ரீசார்ஜ் கடைப் பலகையில் இந்தி எழுத்து இருக்கும், பக்கத்து மெஸ்ஸில் ரொட்டியும் இருக்கும், பரோட்டாவும் இருக்கும்.

திரையில் வரும் வடக்கத்திப் பையன் பானிபூரி விற்பார், இல்லாவிட்டால் திருடுவார், இல்லாவிட்டால் காரணமே இல்லாமல் அடி வாங்குவார். அவருக்குப் பெயர் கூட இருக்காது, "ஏய் பையா" தான். திருப்பூர்ப் பார்வையாளருக்குத் தெரிந்த பையன் வேறு. அவர் ஓவர்லாக், பேட்லாக் என்ற பனியன் தைக்கும் மெஷின்களில் அடிப்பார், கொஞ்ச நாளில் கட்டிங் மாஸ்டருக்குக் கை உதவியாகப் போவார், ஒன்றரை ஷிப்ட் பார்த்து மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புவார். செக்கிங் அக்காவிடம் தமிழ் கற்றுக்கொண்டிருப்பார். அக்கா கொங்குக்காரர் என்பதால் அவர் தமிழிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த இந்தியில், "ஏ பையா, ஜல்தி ஜல்தி, பீஸ் இன்னும் வரலை ஹை!" என்று கத்துவார். அந்தப் பக்கமிருந்து, "வருதுங்கண்ணா, நூல் அறுந்துபோச்சுங்க" என்று பதில் வரும். நிஜத்தில் சிரிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது பாருங்கள். வந்தவர் பேசும் தமிழைவிட, அவரை வேலை வாங்க உள்ளூர்க்காரர் பேசும் இந்திதான் பெரிய கூத்து. திருப்பூரில் எல்லோரும் அறிந்த இந்த நகைச்சுவை எந்தக் குடும்பப் படத்திலும் வந்து நான் பார்க்கவில்லை. காமெடி டிராக் எழுதுகிறவர் சூப்பர்வைசரின் இந்தியைக் கேட்டிருந்தால்தானே?

2023 மார்ச்சில் நடந்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த அடிதடி வீடியோக்களை, தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று தலைப்புப் போட்டுச் சமூக ஊடகங்களில் சுற்றவிட்டார்கள். செய்தி பொய் என்று தமிழகக் காவல்துறை சொல்லியும், பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்க்கும் அளவுக்குப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகும் நேரம் வேறு. பயந்து பெட்டி கட்டியவர்களை நிறுத்த, முதலாளிகளும் அதிகாரிகளும் இந்தியில் அறிவிப்பு கொடுத்தார்கள், விடுதி விடுதியாகப் போய்ப் பேசினார்கள். நேற்று வரை "டேய்" என்று கூப்பிட்டவர், ஏற்றுமதி ஆர்டருக்குத் தேதி நெருங்குவதால் இன்று "பாய் சாப், மத் ஜாவோ" (அண்ணா, போகாதீங்க) என்று வாசலில் நிற்கிறார். இதைவிட நல்ல குடும்பக் காமெடிக் கதை கிடைக்குமா? பயமும் இருக்கிறது, சுயநலமும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உண்மையான பிரியமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு காட்சி எழுத, பீகார் பையனுக்கு ஊரில் ஓர் அம்மா உண்டு, அந்த அம்மா போனில் அழுவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். பானிபூரி வண்டிக்கு அது தேவைப்படுவதில்லை.

ஆப்பிரிக்கர் கதையும் இப்படித்தான். நம் படங்களில் அவர் ஒன்று போதைப்பொருள் விற்பார், அல்லது கதாநாயகனை அண்டாவில் போட்டு வேகவைப்பார். திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வியாபாரம் பார்த்தவர்களுக்கு நைஜீரிய வியாபாரிகளைத் தெரியும். மூட்டை மூட்டையாக டி-சர்ட் வாங்கி லாகோஸுக்கு அனுப்பியவர்கள். பேரத்தில் காதர்பேட்டைக்காரரையே திணறடித்தவர்கள் என்று அந்தக் கடைவீதியில் சொல்வார்கள். காதர்பேட்டையில் ஒருவரைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்ததும், வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கியதும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் திருச்செங்கோடு. அங்கிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றன. அந்த வண்டிகளோடு போய் அங்கே மாதக்கணக்கில் தங்கி, அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து வேலை பார்த்துத் திரும்பியவர்கள் திருச்செங்கோடு வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது திரையில் இலை கட்டிய ஆள் "ஊகா பூகா" என்று குதித்தால் எப்படி இருக்கும்?

இலை கட்டுவதில் நம் மலைக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனைமலை, சத்தியமங்கலம், நீலகிரி என்று கொங்கு நாட்டைச் சுற்றிக் காடர், மலசர், ஊராளி, சோளகர், இருளர், குறும்பர் என எத்தனை மக்கள். படப்பிடிப்புக்குப் பொள்ளாச்சி வரும் யூனிட், மலை ஏறியதும் 'காட்டுவாசி'க்கு ஈட்டியைக் கொடுத்துவிடும். கோவைக்கு மேற்கே அட்டப்பாடியில் வாழும் இருளர் நஞ்சியம்மா, மலையாளப் படத்தில் பாடி 2020-ம் ஆண்டுக்கான தேசிய விருதை வாங்கினார். ஈட்டி இன்னும் கீழே இறங்கவில்லை.

இனி நிறம். இதில்தான் தமிழ்க் குடும்பப் படம் தன் வீட்டுக்குள்ளேயே கல்லெறிகிறது. 2007-ல் வந்த 'சிவாஜி' பெரிய நட்சத்திரப் படம், குடும்பம் குடும்பமாகப் பார்த்த படம். அதில் பக்கத்து வீட்டு இரண்டு பெண்களுக்குக் கறுப்பு மையைப் பூசி, கதாநாயகன் அவர்களைப் பார்த்து மிரள்வதை நகைச்சுவை என்று வைத்தார்கள். பெயர் அங்கவை, சங்கவை. பறம்புமலைப் பாரியின் மகள்களின் பெயர். தகப்பனையும் குன்றையும் இழந்த பிறகு நிலவைப் பார்த்துப் பாடிய அந்த மகளிரின் நான்கைந்து வரி புறநானூற்றில் 112-வது பாட்டாக நிற்கிறது. தமிழ் வகுப்பில் அதை நடத்திய ஆசிரியர்கள் எத்தனை பேர் தியேட்டரில் நெளிந்தார்களோ. அதே படத்தில் கதாநாயகன் வெள்ளையாக வேண்டி எதையெல்லாமோ பூசிக்கொள்கிறார். ஒரு பாட்டில் அவரை வெள்ளைக்காரர் போலக் காட்ட, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சரும நிறத்தைக் கணினி மூலம் அவர் மேல் ஏற்றினார்கள். தமிழர் தங்களில் ஒருவராகக் கொண்டாடிய கறுப்பு நாயகனுக்கே இந்தச் செலவு. பெண் பார்க்கும் விளம்பரத்தில் மாநிறம் என்று எழுதத் தயங்கி 'நல்ல நிறம்' என்று எழுதும் ஊரில், அந்தக் காட்சிக்கு விழுந்த சிரிப்பு யார் வீட்டுப் பிள்ளையைக் குத்தியிருக்கும் என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டாம்.

இங்கே ஒருவர் கவுண்டமணியைத் தூக்கிக்கொண்டு வருவார், வர வேண்டியதுதான். உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்து, கொங்குப் பேச்சையே ஆயுதமாக்கியவர். செந்திலின் நிறத்தையும் உருவத்தையும் அவர் திட்டாத திட்டா? அதற்குச் சிரித்துவிட்டு இப்போது நியாயம் பேசுவதா? நியாயமான கேள்வி. அந்தத் திட்டுகளில் பல இன்று கேட்டால் புளித்துத்தான் போயிருக்கின்றன, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் எது புளிக்கவில்லை என்று பாருங்கள். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பழத்துக்குக் காசு, கையில் ஒரு பழம், இன்னொன்று எங்கே என்றால் அதுதான் இது. அந்தத் தர்க்கத்தை உடைக்க முடியாமல் கவுண்டமணி பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிறார். செந்திலின் நிறத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதில் ஜெயிப்பதும் செந்தில்தான். இன்னொரு மொழிக்காரருக்கு இந்தக் காட்சியைச் சொன்னால் அவரும் சிரிப்பார்.

கொங்குத் தமிழும் சினிமாவில் ஒரு காலத்தில் வெறும் வேடம்தான். பட்டிக்காட்டுப் பண்ணையார் வந்தால் "ஏனுங்" போட வேண்டும், அவ்வளவே. 1995-ல் பாலு மகேந்திரா இயக்கிய 'சதிலீலாவதி'யில் கமல் ஹாசன் டாக்டர் சக்திவேல் கவுண்டராகவும் கோவை சரளா அவர் மனைவி பழனியாகவும் வந்தார்கள். இருவரும் அச்சுக் கொங்குத் தமிழ். ஆனால் படம் அந்தப் பேச்சைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மனைவியின் சந்தேகம், கணவனின் பதற்றம், நண்பனின் கள்ளத்தனத்தை மூடி மறைக்கப் போய்த் தானே மாட்டிக்கொள்வது என்று சிரிப்பு சூழ்நிலையிலிருந்து வந்தது. பேச்சு அதற்கு ருசி கூட்டியது. கோவைக்காரர்கள் அந்தப் படத்தை இன்றும் தங்கள் படம் என்கிறார்கள். ஒரு பீகார்க்காரர் தன் படம் என்று சொல்லும்படி ஒரு தமிழ்க் குடும்பக் காமெடி வர முடியுமா என்றால், ஏன் முடியாது? பழனிக்கு இருந்த கோபமும் பிடிவாதமும் அவருக்கும் இருந்தால் போதும்.

இதையெல்லாம் சொன்னால் "எல்லாவற்றுக்கும் மனம் புண்படுகிறது என்றால் எதைத்தான் சிரிப்பது" என்ற பதில் ரெடியாக இருக்கிறது. கேலியே கூடாது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேலி செய்யுங்கள், நன்றாகவே செய்யுங்கள். கான்ட்ராக்டரின் கமிஷன், முதலாளியின் இந்தி, பெண் வீட்டாரின் நிறப் பித்து, வெளிநாட்டு மாப்பிள்ளையின் அலட்டல், வடக்கத்தி மருமகள் வந்ததும் கோழிக் குழம்புக்கு வரும் நெருக்கடி என்று சரக்கு கொட்டிக் கிடக்கிறது. அந்த மருமகளுக்கும் மாமியாரைப் பற்றி ஒரு கருத்து இருக்க வேண்டும், அதைச் சொல்ல இரண்டு வசனம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு வசனத்தை எழுதச் சோம்பல்பட்டுத்தான் முழுப் படமும் படுத்துவிடுகிறது.

இப்போது ஒரு வியாபாரக் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. தென்னிந்தியப் படங்களின் இந்தி டப்பிங்கைத் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வருடக்கணக்கில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று திருப்பூருக்கு வேலைக்கு வருகிறார்கள். நம் நடிகர்களின் பெயர் அவர்களுக்கு ரயில் ஏறும் முன்பே தெரியும். சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு தியேட்டருக்கு வருகிறார்கள், நமக்குள்ள அதே டிக்கெட் விலையைக் கொடுத்துத்தான் வருகிறார்கள். தயாரிப்பாளர்களும் இந்தி உரிமையை விற்க அலைகிறார்கள். அப்படி விற்கும் படத்தில் "ஏய் பையா" என்று தலையில் தட்டும் காட்சி ஒன்று இருந்தால், டப்பிங் எழுதுகிறவர் அந்த இரண்டரை நிமிடத்தை என்னதான் செய்வார்? பையனை எந்த ஊர்க்காரனாக மாற்றுவார்? தயாரிப்பு அலுவலகத்தில் காமெடி டிராக் எழுத உட்காரும்போதே இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால், அடுத்த விடுமுறைக்கு வரும் படம் கொஞ்சம் தேறலாம்.